போர்ட் 25 அடைபட்ட கதை

ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மின்னஞ்சல் போய்ச் சேரும் நெறிமுறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். அதற்கென்று ஒதுக்கப்பட்ட போர்ட்டின் எண் 25. வீட்டில் ஒரு கணினியை மின்னஞ்சல் சர்வராக வைத்து, அதிலிருந்து நேராக உலகின் எந்த சர்வருக்கும் கடிதம் அனுப்புவதற்கு இந்த ஒரு போர்ட் திறந்திருந்தால் போதும். ஆனால் பல நாடுகளில் வீட்டு இணைப்பிலிருந்து இந்த எண்ணை நோக்கிப் புறப்படும் எதையும் இணையச் சேவை நிறுவனமே தடுத்துவிடுகிறது. 1990களின் பிற்பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிய இந்தத் தடை, 2003-க்குப் பிறகு பத்தே ஆண்டுகளில் எழுதப்படாத உலக வழக்கமாகிவிட்டது.

எஸ்எம்டிபியின் மூல ஆவணமான ஆர்எஃப்சி 821, 1982 ஆகஸ்டில் வெளியானது. எழுதியவர் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் போஸ்டல். நெறிமுறை மிக எளிமையானது. இரண்டு சர்வர்களுக்கிடையே நடக்கும் பேச்சை ஒரு மனிதர் விசைப்பலகையில் தட்டியே நடத்திவிடலாம். இணைப்பு கிடைத்ததும் எதிர்முனை 220 என்ற எண்ணைச் சொல்லித் தன் பெயரைத் தெரிவிக்கும். அழைத்த கணினி ‘ஹெலோ’ என்று தன் பெயரைச் சொல்லும். யாரிடமிருந்து என்பதற்கு ‘மெயில் ஃப்ரம்’, யாருக்கு என்பதற்கு ‘ஆர்சிபிடி டு’, அடுத்து ‘டேட்டா’ என்ற கட்டளை, பிறகு கடிதம். தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது. எதிர்முனை 250 என்று பதில் சொன்னால், அந்தக் கடிதத்துக்கு அது பொறுப்பேற்றுக்கொண்டது என்று பொருள்.

இந்தப் பேச்சில் எங்கும் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. அழைப்பவர் சொல்லும் பெயர் உண்மைதானா என்று யாரும் சரிபார்ப்பதும் இல்லை. அன்றைய வலையமைப்பில் இருந்தவை பல்கலைக்கழகங்களும் ராணுவ ஆய்வகங்களும் சில நிறுவனங்களும்தான். ஒருவர் எல்லை மீறினால் யாரிடம் புகார் சொல்வது என்பது எல்லோருக்கும் தெரியும். 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரு விளம்பரக் கடிதம் அனுப்பினார். வலையமைப்பின் நிர்வாகிகள் கண்டித்தார்கள், விஷயம் அதோடு முடிந்தது. அந்தச் சிறிய ஊருக்கு அந்த அளவு கட்டுப்பாடு போதுமானதாக இருந்தது.

நெறிமுறையில் அனுப்புபவர், பெறுபவர் என்ற வேறுபாடு இருந்ததே தவிர, வாடிக்கையாளர், சேவை நிறுவனம் என்ற வேறுபாடு இல்லை. இணையத்தில் ஐபி முகவரி உள்ள எந்தக் கணினியும் சர்வராகலாம். 1990களில் சாதாரண மனிதர்களுக்கும் இது கைகூடியது. லினக்ஸ் இலவசமாகக் கிடைத்தது. எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில், கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல் எழுதிய எக்ஸிம், டேனியல் பெர்ன்ஸ்டீனின் கியூமெயில், 1998-இல் வெளிவந்த வீட்சே வெனிமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் என்று சர்வர் மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. அலுவலகம் கழித்துப்போட்ட ஒரு பழைய கணினி, அதில் லினக்ஸ், சொந்தமாக ஒரு டொமைன் பெயர். இவ்வளவு இருந்தால் ஒரு குடும்பத்தின் கடிதங்கள் அந்தக் குடும்பத்தின் வீட்டிலேயே தங்கின. கடிதம் எத்தனை நாள் இருக்கவேண்டும், யார் படிக்கலாம் என்பதையெல்லாம் வீட்டுக்காரரே தீர்மானித்தார். கேபிள் இணைப்பும் டிஎஸ்எல்லும் வந்து, இணைய இணைப்பு இரவும் பகலும் துண்டிக்கப்படாமல் இருக்கத் தொடங்கியபோது இது இன்னும் எளிதாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு.

விளம்பரக் கடிதத்தை லட்சக்கணக்கில் அனுப்பிப் பணம் பண்ணலாம் என்பது 1990களின் நடுவில் சிலருக்குப் புரிந்துவிட்டது. 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி யூஸ்நெட் என்ற விவாத வலையமைப்பின் ஆயிரக்கணக்கான குழுக்களில் கிரீன் கார்டு விளம்பரம் போட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சான்ஃபோர்ட் வாலஸ் என்பவரின் சைபர் ப்ரமோஷன்ஸ் நிறுவனம் இதையே மின்னஞ்சலில் முழுநேரத் தொழிலாக நடத்தியது. இவற்றைத் தடுக்க 1997-ஐ ஒட்டி பால் விக்ஸி தொடங்கிய கறுப்புப் பட்டியல் புழக்கத்துக்கு வந்தது. ‘ஸ்பேம்’ எனப்பட்ட இத்தகைய கடிதங்களை அனுப்பும் ஐபி முகவரிகள் அதில் இருக்கும். பட்டியலை ஏற்றுக்கொண்ட சர்வர்கள் அந்த முகவரிகளிலிருந்து வரும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

சொந்த சர்வர்கள் பட்டியலில் ஏறியதும் ஸ்பேம்காரர்கள் பிறருடைய சர்வர்களுக்குத் தாவினார்கள். யார் எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் வாங்கி, உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது அக்காலத்து சர்வர்களின் இயல்பு. இணைப்புகள் அடிக்கடி அறுந்துபோன காலத்தில் அது ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி. ‘ஓப்பன் ரிலே’ எனப்பட்ட இந்த ஏற்பாட்டுக்குள் ஒரே கடிதத்தையும் ஆயிரம் முகவரிகளையும் கொட்டிவிட்டால், மீதி வேலையை அந்த அப்பாவி சர்வர் பார்த்துக்கொள்ளும். 1998-இல் வந்த சென்ட்மெயில் 8.9 பதிப்பு இந்த உதவியைத் தானாகச் செய்வதை நிறுத்தியது. கொள்கைப் பிடிப்போடு விடாமல் வைத்திருந்தவர்களும் உண்டு. இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷனை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் கில்மோர், தன் சர்வரை ஓப்பன் ரிலேயாகவே நடத்தியதால் 2001-இல் தன் இணையச் சேவை நிறுவனத்தோடு மோதவேண்டி வந்தது.

ரிலேக்கள் குறையத் தொடங்கியதும் ஸ்பேம்காரர்கள் கண்ட அடுத்த வழிதான் வீட்டு இணைப்புகளை இந்தக் கதைக்குள் இழுத்துவந்தது. சோதனைக் காலச் சலுகையில் கிடைக்கும் டயல்-அப் கணக்கு ஒன்றைப் பொய்ப் பெயரில் வாங்குவார்கள். மோடத்தில் எண்ணைச் சுழற்றி, இடையில் எந்த ரிலேயும் இல்லாமல், பெறுபவரின் சர்வரோடு போர்ட் 25-இல் நேராகப் பேசுவார்கள். புகார் வந்து கணக்கு மூடப்படுவதற்குள் இன்னொன்று கையில் இருக்கும். டயல்-அப்பில் ஒவ்வொரு அழைப்புக்கும் வேறு வேறு ஐபி முகவரி கிடைப்பதால் கறுப்புப் பட்டியலாலும் பிடிக்க முடியவில்லை.

இதற்கு இரண்டு முனைகளிலிருந்தும் பதிலடி வந்தது. அனுப்பும் முனையில், எர்த்லிங்க் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் டயல்-அப் வாடிக்கையாளர்களின் போர்ட் 25-ஐ அடைத்து, நிறுவனத்தின் சொந்த சர்வர் வழியாக மட்டுமே கடிதம் வெளியேற அனுமதித்தன. பெறும் முனையில் ‘டயல்-அப் பயனர் பட்டியல்’ உருவாயிற்று. பழைய பட்டியல்களுக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. பழையவற்றில் ஸ்பேம் அனுப்பி மாட்டிக்கொண்ட முகவரிகள் இருந்தன. இதில் இடம்பெற எந்தத் தவறும் செய்யவேண்டியதில்லை, முகவரி டயல்-அப் வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகுப்பைச் சேர்ந்ததாக இருந்தால் போதும். மின்னஞ்சலின் வரலாற்றில் ஒரு கணினியின் நடத்தையைப் பார்க்காமல் அதன் இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இங்கேதான் வேரூன்றியது. பின்னாளில் ஸ்பேம்ஹவுஸ் நிறுவனம் வெளியிட்ட பிபிஎல் பட்டியல் இதே கொள்கையில் அமைந்தது. இணையச் சேவை நிறுவனங்களே முன்வந்து தங்கள் வீட்டு வாடிக்கையாளர்களின் முகவரித் தொகுப்புகளை அதில் சேர்த்துவைத்தன.

இதற்கிடையில் நெறிமுறையை வகுப்பவர்கள் ஒரு நல்ல மாற்றுவழியை அமைத்துத் தந்திருந்தார்கள். 1998 டிசம்பரில் ராண்டல் கெலன்ஸும் ஜான் கிளென்சினும் எழுதிய ஆர்எஃப்சி 2476, வாடிக்கையாளர் தன் கடிதத்தைத் தன் சர்வரிடம் ஒப்படைப்பதற்கென்று போர்ட் 587-ஐத் தனியே ஒதுக்கியது. அடுத்த ஆண்டே கடவுச்சொல் கேட்டுச் சரிபார்க்கும் முறையும் எஸ்எம்டிபியில் சேர்ந்தது. வெளியூரில் ஹோட்டல் அறையில் இருப்பவரும் போர்ட் 587-இல் தன் அலுவலக சர்வரோடு பேசிக் கடிதத்தை ஒப்படைக்கலாம். சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ள மட்டும் போர்ட் 25 என்றானது. தடைக்கு ஆதரவாக இன்றுவரை சொல்லப்படும் மிக வலுவான வாதம் இதுதான்: சாதாரண வாடிக்கையாளருக்கு போர்ட் 25 தேவையே இல்லை. அவர் அளவில் அது உண்மை. தன் வீட்டில் தானே சர்வர் வைத்திருப்பவர் மட்டும் இந்த வாதத்தின் கணக்கில் வரவில்லை. அவருடைய கணினிதான் சர்வர். மற்ற சர்வர்களோடு பேச போர்ட் 25-ஐ விட்டால் அதற்கு வேறு வழியில்லை.

2003 வரை தடை ஒரு சில நிறுவனங்களின் தனி முடிவாகவே இருந்தது. நிலைமையை மாற்றியவை வைரஸ்கள். அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கிய சோபிக் வரிசை வைரஸ்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சிறிய எஸ்எம்டிபி நிரலைச் சுமந்துவந்தன. தொற்றிய கணினியிலிருந்து அவை பிற சர்வர்களுக்கு நேராகக் கடிதம் அனுப்பின. அதோடு, வெளியிலிருந்து ஒருவர் அந்தக் கணினி வழியாக ஸ்பேம் அனுப்பவும் வாசலைத் திறந்துவைத்தன. ஆகஸ்டில் வந்த சோபிக்-எஃப், 2004 ஜனவரியில் வந்த மைடூம் இரண்டும் அதுவரை காணாத வேகத்தில் பரவின. பிராட்பேண்ட் இணைப்பும் வைரஸ் தொற்றிய விண்டோஸ் கணினியும் உள்ள ஒவ்வொரு வீடும், வீட்டுக்காரருக்குத் தெரியாமலேயே ஸ்பேம் ஆலையாக மாறியது. இப்படி அடிமைப்பட்ட கணினிகளுக்கு ‘ஸோம்பி’ என்று பெயர் வந்தது. அவற்றின் கூட்டத்துக்கு ‘பாட்நெட்’ என்று பெயர்.

அப்போது கேபிள் இணைப்பில் அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனம் காம்காஸ்ட். அதன் வாடிக்கையாளர்களிடமிருந்து நாளொன்றுக்குச் சுமார் 80 கோடி கடிதங்கள் புறப்படுவதாகவும், அவற்றில் 10 கோடி மட்டுமே நிறுவனத்தின் அதிகாரபூர்வ சர்வர்கள் வழியாகப் போவதாகவும் 2004 மே மாதம் அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரே ஒரு கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். மீதி 70 கோடியில் பெரும்பகுதி ஸோம்பிகளின் வேலை. இந்த எண்ணிக்கையைக் கண்டபிறகு எதுவும் செய்யாமல் இருக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. காம்காஸ்ட் அப்போது எடுத்த நடவடிக்கை அளவானதாகவே இருந்தது. எல்லோருக்கும் தடை போடாமல், அளவுக்கு மீறிக் கடிதங்கள் புறப்படும் இணைப்புகளைக் கண்டுபிடித்து, அந்த வீட்டு மோடத்துக்குப் புதிய அமைப்புக் கோப்பை அனுப்பி, அங்கே மட்டும் போர்ட் 25-ஐ அடைத்தது. இந்தப் பக்குவம் பரவலாகியிருந்தால் வீட்டு சர்வர்கள் பிழைத்திருக்கும். ஆனால் ஒவ்வோர் இணைப்பையும் கண்காணிக்க ஆள் வேண்டும், கருவி வேண்டும், வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்லவேண்டும். எல்லோருக்கும் ஒரேயடியாகத் தடை போட ரவுட்டரில் ஒரு விதி போதும்.

மலிவான வழியே வென்றது. 2004 ஜூனில் ஏஓஎல், எர்த்லிங்க், மைக்ரோசாஃப்ட், யாஹூ உள்ளிட்ட நிறுவனங்களின் கூட்டணி போர்ட் 25-ஐத் தடுக்கவோ மட்டுப்படுத்தவோ பரிந்துரைத்தது. 2005 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ‘ஆபரேஷன் ஸ்பேம் ஸோம்பீஸ்’ என்ற பெயரில், பல நாட்டு அரசு அமைப்புகளோடு சேர்ந்து, உலகெங்கும் 3,000-க்கும் மேற்பட்ட இணையச் சேவை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. அது கேட்டுக்கொண்டவற்றில் போர்ட் 25 தடையும் ஒன்று. அதே ஆண்டு இறுதியில் மாக் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பும் வீட்டு இணைப்புகளுக்கு இதையே சிறந்த நடைமுறை என்று அறிவித்தது. இவற்றில் எதுவும் சட்டம் இல்லை. சட்டம் இல்லாததால் மேல்முறையீடும் இல்லை.

ஜப்பானில் இது முறையான சட்டக் கேள்வியாக எழுந்தது. அந்நாட்டு அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவும் தொலைத்தொடர்புத் தொழில் சட்டத்தின் 4-ஆவது பிரிவும் தகவல் தொடர்பின் ரகசியத்தைக் காக்கின்றன. கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்காவிட்டாலும், ஒரு பாக்கெட் எந்த போர்ட்டுக்குப் போகிறது என்று பார்த்துத் தடுப்பதே அந்த ரகசியத்தில் தலையிடுவதாகும் என்ற வாதம் அங்கே தட்டிக்கழிக்கப்படவில்லை. 2005-இல் உருவான ஜேக் என்ற தொழில்துறைக் குழு இதைத் தன் பரிந்துரைகளில் எடுத்துக்கொண்டது. துறை அமைச்சகமும் தன் நிலையைத் தெளிவுபடுத்தியது: தலையிடல் தலையிடல்தான், ஆனாலும் வலையமைப்பைக் காக்கும் நியாயமான தொழில் நடவடிக்கை என்ற முறையில் அதை அனுமதிக்கலாம். நடைமுறையில், அடிக்கடி மாறும் ஐபி முகவரிகளிலிருந்து போகும் இணைப்புகளுக்கே தடை பொருந்தியது. மாற்றாக போர்ட் 587 தரப்பட்டது. நிலையான முகவரியை வாங்கியவர் தன் சர்வரை நடத்தலாம். கிடைத்த பலன் மற்ற நாடுகளில் கிடைத்ததற்குக் குறைவில்லை. உரிமையைப் பேசிவிட்டுச் செய்ததால் தடைக்கு ஓர் எல்லை கிடைத்தது.

பிரேசிலின் பாதையும் பொறுமையானதுதான். 2009 வாக்கில் ஸ்பேம் அனுப்பும் நாடுகளின் பட்டியலில் பிரேசில் முதலிடத்தில் இருந்தது. அந்நாட்டின் இணைய நெறிப்படுத்தும் குழு முதலில் மின்னஞ்சல் நிறுவனங்களையெல்லாம் போர்ட் 587-க்கு மாறச் சொன்னது. பிறகு தொலைபேசி நிறுவனங்கள், தொலைத்தொடர்பு ஒழுங்காணையம், நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, 2011 நவம்பரில் ஓர் உடன்பாட்டை எட்டியது. அதன்பிறகே தடை அமலுக்கு வந்தது. 2013-இல் பிரேசில் அந்தப் பட்டியலின் முதல் பத்து இடங்களைவிட்டு வெளியேறியிருந்தது. தடையால் பலன் இல்லை என்று வாதிடுபவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டை எதிர்கொண்டே ஆகவேண்டும்.

பிரான்ஸில் ஃப்ரீ என்ற நிறுவனம் இன்னோர் எளிய தீர்வைக் காட்டியது. போர்ட் 25 இயல்பாக அடைபட்டிருக்கும். சந்தாதாரர் தன் கணக்குப் பக்கத்தில் நுழைந்து ஒரு தெரிவை மாற்றினால் திறந்துவிடும். வைரஸ் தொற்றிய கணினியின் சொந்தக்காரர் அந்தப் பக்கத்தைத் தேடிப் போகப்போவதில்லை. சர்வர் நடத்துபவர் நிச்சயம் போவார். ஸோம்பியையும் சர்வரையும் பிரித்தறிய இதைவிடச் செலவில்லாத முறை இல்லை. அதே நாட்டில் ஆரஞ்சு நிறுவனத்தின் வீட்டு இணைப்புகளில் இந்த வசதி இல்லை. 2007-இல் பெஞ்சமின் பயார் என்ற இணையச் செயல்பாட்டாளர், இணையம் மறுபடியும் மினிடெல் ஆகிக்கொண்டிருக்கிறது என்று எச்சரித்து ஆற்றிய உரை அங்கே பெரிதும் பேசப்பட்டது. நடுவில் ஒரு பெரிய கணினி, ஓரங்களில் வெறும் திரைகள் என்பதுதான் பிரெஞ்சுத் தொலைபேசித் துறையின் பழைய மினிடெல் அமைப்பு. போர்ட் 25 அடைபட்ட வீடு ஏறக்குறைய அத்தகைய திரைதான்.

தடைபட்ட வீட்டில் என்ன நடக்கும் என்பது சர்வரின் பதிவேட்டில் தெரியும். அனுப்பிய கடிதம் வரிசையில் போய் நிற்கிறது. சர்வர் எதிர்முனையை அழைக்கிறது. மறுப்பு வந்தாலாவது காரணம் தெரியும். பெரும்பாலும் எந்தப் பதிலும் வருவதில்லை, பாக்கெட்டுகள் வழியிலேயே வீசப்பட்டிருக்கும். சில நிமிடங்கள் காத்திருந்து ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்று ஒரு வரி எழுதப்படுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி, மறுபடி அதே வரி. நான்கைந்து நாள் இப்படிப் போனபின், போய்ச் சேரவில்லை என்று கடிதம் எழுதியவருக்கே திரும்புகிறது. முதல்முறை இதைச் சந்திப்பவர் தன் அமைப்பில்தான் பிழை என்று நினைத்து ஒவ்வொரு கோப்பாகத் தேடுவார். தடை போட்டிருப்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விட்ட நிறுவனங்கள் ஏராளம். இந்த வரலாற்றில் மன்னிக்கவே முடியாத பகுதி அதுதான். தடைக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு, மௌனத்துக்கு எந்தக் காரணமும் இல்லை.

கேட்டுப் பார்த்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், வணிக இணைப்புக்கு மாறுங்கள் என்பது. அதே கம்பி, அதே வேகம், கூடுதல் கட்டணம். ஸ்பேமைத் தடுக்க வந்த விதி விலைப்பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது என்ற குற்றச்சாட்டு இதனால் எழுந்தது. முழுவதும் நியாயமான குற்றச்சாட்டு என்று சொல்லிவிட முடியாது. வணிக இணைப்பில் நிலையான முகவரி உண்டு, தவறு நடந்தால் அழைத்துப் பேச ஒரு பொறுப்பாளர் உண்டு. ஆனால் அந்தப் பொறுப்பை ஏற்க வீட்டு வாடிக்கையாளர் தயாராக இருந்தும் அவருக்கு வாய்ப்பே தராதது விலை சம்பந்தப்பட்ட முடிவு என்பதை மறுக்கவும் முடியாது.

ஸ்பேமை இந்தத் தடை ஒழித்துவிடவில்லை. 2008 நவம்பர் 11 அன்று கலிஃபோர்னியாவில் பாட்நெட்டுகளின் கட்டளை மையங்களுக்கு இடம் தந்திருந்த மெக்கோலோ என்ற நிறுவனத்தின் இணைப்பு துண்டிக்கப்பட்டபோது, உலகின் ஸ்பேம் அளவு ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. அத்தனை ஆண்டுத் தடைகளுக்குப் பிறகும் வீட்டுக் கணினிகளிலிருந்து அவ்வளவு ஸ்பேம் போய்க்கொண்டிருந்தது என்பதையும் அந்தச் சரிவு காட்டியது. பின்னர் ஸ்பேம்காரர்கள் திருடிய கடவுச்சொற்களோடு பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்கும், வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் கணினிகளுக்கும் நகர்ந்தார்கள். தடையும் பின்னாலேயே போனது. கூகுள் கிளவுட் தன் கணினிகளிலிருந்து போர்ட் 25-ஐப் பொதுவாக அனுமதிப்பதில்லை. மைக்ரோசாஃப்டின் அசூர் 2017 நவம்பரிலிருந்தும், அமேசான் 2020-லிருந்தும் புதிய வாடிக்கையாளர்களுக்கு இதை இயல்பாக அடைத்துவைத்தன.

2006-இல் எஸ்பிஎஃப், 2007-இல் டிகிம், 2015-இல் டிமார்க் என்று கடிதத்தின் டொமைனைச் சரிபார்க்கும் நெறிமுறைகள் ஆவணமாயின. 1982-இல் இல்லாத அடையாளச் சோதனை ஒருவழியாக வந்து சேர்ந்தது. இனிமேல் இடத்தைப் பார்க்காமல் கையெழுத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அப்படி நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் அனுப்புபவர்களுக்கான விதிகளை இறுக்கியபோது இந்தக் கையெழுத்துகள் பழைய நிபந்தனைகளோடு கூடுதலாகச் சேர்ந்தன. ஐபி முகவரிக்கு எதிர்த்திசையில் பெயர் சொல்லும் பிடிஆர் பதிவு வேண்டும் என்பது அதிலும் உண்டு. வீட்டு இணைப்பில் அந்தப் பதிவை எழுதும் அதிகாரம் சேவை நிறுவனத்திடம்தான் இருக்கிறது.

ஐபிவி4 முகவரிகளின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தபின், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் சிஜிநாட் முறை பரவியது. இந்தியாவில் மொபைல் இணைப்புகளிலும் பல வீட்டு இணைப்புகளிலும் இன்று இதுவே வழக்கம். சிஜிநாட்டின் பின்னால் இருக்கும் வீட்டுக்கு வெளியே போகும் வழி மட்டுமல்ல, உள்ளே வரும் வழியும் இல்லை. 2010-இலும் அதற்குப் பிறகும் தொடங்கிய ஃப்ரீடம்பாக்ஸ், யூனோஹோஸ்ட், மெயில்-இன்-எ-பாக்ஸ் போன்ற திட்டங்கள் சர்வர் அமைப்பதை அரை நாள் வேலையாக்கின. ஆனாலும் அவற்றைப் பயன்படுத்துவோர் முதலில் பார்க்கவேண்டியிருப்பது தங்கள் இணைப்பில் போர்ட் 25 திறந்திருக்கிறதா என்பதைத்தான். திறக்கவில்லை என்றால், சிஜிநாட் இல்லாத வீட்டுக்கு வழக்கமான மாற்றுவழி ஒன்று உண்டு. உள்ளே வரும் கடிதங்களை வீட்டு சர்வரே வாங்கிக்கொள்ளும். வெளியே போகும் கடிதங்களைக் கட்டணம் வாங்கும் ஒரு ரிலே நிறுவனத்திடம் போர்ட் 587-இல் ஒப்படைக்கும்.

ஐபிவி6-இல் முகவரிப் பற்றாக்குறை இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையான முகவரித் தொகுப்பு ஒன்றைத் தந்துவிடலாம், யார் அனுப்பினார்கள் என்று துல்லியமாகக் கண்டுபிடிக்கலாம், தவறு செய்த ஒரு வீட்டை மட்டும் நிறுத்தலாம். டயல்-அப் காலத்துத் தடைக்குச் சொல்லப்பட்ட முதல் காரணம், மாறிக்கொண்டே இருக்கும் முகவரி. அந்தக் காரணம் இங்கே இல்லை. இருந்தும் ஐபிவி4-க்கு எழுதப்பட்ட போர்ட் 25 விதியை ஐபிவி6-க்கும் அப்படியே நீட்டித்த நிறுவனங்கள் பல.